பத்தில் ஒன்று

இரண்டு டன் ஏசி, இருநூற்று நாற்பது தினார்.
வரி இருபத்து நாலு.
"இதைமட்டும் எடுத்துவிடு தம்பி,
சபைக்குத்தானே, கர்த்தருடைய வீடு" என்றார்
போதகர் ஞானசிகாமணி.

மனாமாவில் எங்கள் கடை மெஷினில்
கர்த்தருக்கென்று பொத்தான் இல்லை.
போன வாரம் மைக் செட் வாங்க வந்த
பஜனைக் கமிட்டிக்காரரும் இதையேதான் கேட்டார்.
சாமி பெயர் மட்டும் வேறு.

அவருக்குப் பின்னால் ரெஜினாள்,
அரபி வீட்டில் வேலை,
கையில் எமர்ஜென்சி விளக்கு. மூன்று தினார்.
வரி முந்நூறு ஃபில்ஸ்.
கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து எண்ணி வைத்தாள்.
எதற்கென்று கேட்கவில்லை.

வழக்கு அங்கேயே முடிந்ததென்றுதான் நினைத்தேன்.

ஆனால் பழைய ஏசி செத்துப்போன வெள்ளிக்கிழமை வரை
வாடகை வில்லாவின் அந்த ஹாலில்
அதற்கு நேர் கீழேதான் அவள் இடம்.
பிரசங்கம் முழுக்கத் தூங்குவாள்,
வேதாகமத்தை மடியில் திறந்துவைத்து.
வாரத்தில் அவளை
யாரும் ஏவாத இரண்டு மணி நேரம்.
அதற்கு எத்தனை சதவீதம் போடுவது?

என் சம்பளமும் இருநூற்று நாற்பதுதான்.
காணிக்கை உறை சட்டைப்பையில் இருந்தது,
ஒட்டியாயிற்று.
கிழித்தேன். வரியைக் கட்டினேன்.
ரசீதை மடித்து அதே உறைக்குள் வைத்து
அவரிடம் நீட்டினேன்:
"இந்த மாதத் தசமபாகம், ஐயா."

விரலால் அதன் கனத்தைப் பார்த்தார்.
சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை.
ரெஜினாள் போன கதவையே
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"டெலிவரி இலவசம்தானே?"