நாற்பத்தொன்று

வனீஸ் லாரியோடு வந்து சேரும்போது
ஏழரை மணி.
கெய்ரோ நேற்றிரவு தின்று எறிந்ததெல்லாம்
என் வீட்டுத் தரைத்தளத்தில் சரிகிறது.
மொகத்தம் குன்றின் இந்தத் தெருவில்
எல்லார் வீட்டிலும் அப்படித்தான்:
மேலே படுக்கை, கீழே குப்பை,
சந்தில் பன்றிகள்.

மூட்டையை அவிழ்க்குமுன்
மணிக்கட்டில் பச்சை குத்திய சிலுவையை
நெற்றியில் ஒருதரம் வைத்து எடுப்பேன்.
அதற்குமேல் சடங்குக்கு நேரமில்லை.
கை பிரிக்கத் தொடங்கிவிடும்,
வாய் எண்ணத் தொடங்கிவிடும்.

ஆண்டவரே இரங்கும், ஒன்று.
ஆண்டவரே இரங்கும், இரண்டு.
நாற்பத்தொன்று சொல்ல வேண்டும்.
முப்பத்தொன்பது சாட்டையடிக்கு,
ஒன்று முள்முடிக்கு,
ஒன்று ஈட்டிக்கு.
கல்யாணமாகிப் பதினாறு வருடம்.
ஒரு நாளும் நான் ஈட்டிவரை போனதில்லை.

பன்னிரண்டில் கண்ணாடிச் சில்லு.
பத்தொன்பதில் அபனூப் ஒற்றைச் சப்பாத்தோடு வந்து நிற்பான்.
இருபத்தாறில் பக்கத்து வீட்டுப் பிளாஸ்டிக் இயந்திரம்
பல்லைக் கடிக்க ஆரம்பிக்கும்,
என் குரல் எனக்கே கேட்காது.
அவருக்குக் கேட்டிருக்கும் என்று
ஓர் எண்ணைக் கூட்டிப் போட்டுக்கொள்வேன்.
களவுதான். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாயிற்று.

வீடுகளின் வாசலைப் பார்ப்பவன் வனீஸ்.
நான் பார்ப்பது பின்பக்கத்தை.
நாலாம் மாடியில் புதிதாய்க் குழந்தை.
இரண்டாம் மாடிக்காரர் மறுபடி குடிக்கிறார்,
புட்டியைச் செய்தித்தாளில் சுற்றி
மனைவியிடமிருந்து ஒளிக்கிறார்,
என்னிடமிருந்து ஒளிக்கத் தோன்றவில்லை.
ஏழாம் மாடிப் பெண் கடிதம் எழுதிக் கிழிக்கிறாள்.
எனக்கு வாசிக்கத் தெரியாது.
எவ்வளவு சிறிதாய்க் கிழித்தாள் என்று தெரியும்.

ஆண்டவரே இரங்கும், அந்தப் புட்டிக்கு.
ஆண்டவரே இரங்கும், இந்தக் கிழிசலுக்கு.
இப்படித்தான் எண்ணிக்கை தப்புகிறது.

ஆறாம் மாடி மட்டும் இரட்டை முடிச்சு.
இன்சுலின் ஊசிகளைத் தேநீர் டப்பாவில் போட்டு
மூடியை ஒட்டுநாடாவால் சுற்றியிருக்கும்.
பிரிக்கிற கை ஒன்று உண்டென்று
நினைத்துப் பார்த்த ஒரே வீடு.
அந்த டப்பா வரும் நாளில்
எண்ணாமல் சொல்வேன்.

தவக்காலத்தில் பெரியவர்களுக்கான அணையாடை வந்தது.
கடித்துப் பார்த்து வைத்த ஆரஞ்சு வந்தது.
பிறகொரு நாள் ஒற்றை முடிச்சு.
வேறு யாரோ கட்டுகிறார்கள்
என்று தெரிந்த அதே நொடி
ஊசி என் கட்டைவிரலில்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் கொடுத்துவிட்டு வந்து
அன்று நாற்பத்தொன்றையும்
எனக்காகவே சொல்லப் பார்த்தேன்.
ஒன்பதில் அழுகை வந்தது.
அடுத்த வாரம் ஆறாம் மாடியிலிருந்து
மூட்டையே இல்லை.

"அங்கே இருந்தது யார்?"
"கதவுக்கு வெளியே மூட்டை இருக்கும். எடுப்பேன்.
ஆணா பெண்ணா தெரியாது.
நம் வேதமா, பள்ளிவாசல் பக்கமா,
அதுவும் தெரியாது"
என்று வனீஸ் ரொட்டியை அவரையில் தோய்த்தான்.

வெள்ளிக்கிழமை பூசைக்கு முன்
இறந்தோர் பெயர்ச் சீட்டு எழுதும் இடத்தில்
அபனூபிடம் சொன்னேன்: ஆறாம் மாடி.
"பேரைச் சொல்லும்மா."
"அதுதான் பேர்."

பாறையைக் குடைந்த கோயில் எங்களது.
குரல் ஒருமுறை போய்த் திரும்பும்.
அபூனா தாத்ரோஸ் வாசித்து வந்தார்:
கீர்கிஸ், மார்த்தா, ஹபீப்.
கண்ணாடியைத் தூக்கிச் சீட்டைப் பார்த்தார்,
இறக்கி மறுபடி பார்த்தார்.
எங்கள் பக்கம் நிமிரவில்லை.
"ஆறாம் மாடி" என்றார்,
கீர்கிஸைச் சொன்ன அதே குரலில்.
பாறையும் ஒருதரம் சொன்னது.

சனிக்கிழமை. லாரி.
விரல் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது,
ஆஸ்பத்திரிச் சீட்டு இன்னும் வரவில்லை.
முப்பத்துமூன்றில் ஒரு மூட்டையைத் தள்ளி
ஆறாம் மாடி என்கிறான் வனீஸ்.
பெயிண்ட் டப்பா, காய்ந்த தூரிகை,
பழைய கதவின் கைப்பிடி.
யாரோ குடிவருகிறார்கள்.
எப்படிக் கட்டுகிறவர்களோ.
மெதுவாகத்தான் கை வைக்கிறேன்.

எங்கே விட்டேன்?
ஆண்டவரே இரங்கும்,
ஒன்று.