ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு

எழுத்தெல்லாம் வந்துவிட்டது.
பெயர், சர்வே எண், கிராமம்,
பயிர் சம்பா,
சேதம் எழுபது சதம் என்கிறார்.
என்கிறாரே தவிர
படம் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு சாம்பல் கட்டம்,
அதன் மூலையில் கிழிந்த காகிதம் போல
ஒரு சின்னம்.

திருத்துறைப்பூண்டியில், ரயிலடிக்குப் பின்தெருவில்,
மாடி அறையில் உட்கார்ந்தபடி
காப்பீட்டுக் கம்பெனிக்கு வயல் பார்க்கிறவள் நான்.
ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று ரூபாய் நாற்பது காசு.
படத்தைப் பார்த்து அமுக்க மூன்று பொத்தான்கள்:
ஏற்பு. மறுப்பு. படம் தெளிவில்லை.

சேவை மையத்துப் பெண்
ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னாள்.
பத்து எண்ணிவிட்டுப் போடச் சொன்னாள்.
முப்பது எண்ணினேன்.
பிரவுசரில் சேர்ந்த குப்பையைக் கூட்டித் தள்ளினேன்.
வேறு பிரவுசர். வேறு டிஎன்எஸ்.
மஞ்சள் வயரைப் பிடுங்கி, ஊதி, செருகினேன்
(ஊதுவதால் ஆவதொன்றும் இல்லை என்று தெரிந்தே).
"ஸ்பீடு நூறு காட்டுதே மேடம்."
காட்டியது.
நூறு வேகத்தில் வராமலிருந்தது படம்.

போனில் டேட்டாவைப் போட்டால்
அதே படம் உடனே வந்து நிற்கிறது.
போனில் அந்தப் பொத்தான்கள் வேலை செய்யாது.
ஆக, கோளாறு கணினியில் இல்லை, கம்பெனியிலும் இல்லை.
என் சுவருக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில்
எங்கேயோ.

கம்பெனியின் முத்திரை மட்டும் வந்துகொண்டிருந்தது,
நகத்தளவு பச்சைக் கதிர்.
சின்னது வருகிறது, பெரியது வரவில்லை
என்று கவனிக்க
எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

நிஜாமைதீன் ஏணியோடு வந்து
ஏணியைக் கீழேயே சாத்திவிட்டு ஏறினார்.
ஞாயிற்றுக்கிழமை இடியில் கருகிய பெட்டிக்குப் பதில்
புதுப்பெட்டி மாட்டியவரும் அவர்தான்.
"அடைப்பா?" என்றேன்.
இந்த ஊரில் எது வராவிட்டாலும்
முதலில் அப்படித்தான் கேட்போம்.
"அடைப்பில்ல. அளவு."

கறுப்புத் திரையில் வெறும் பொட்டலங்களை அனுப்பிப் பார்த்தார்.
ஆயிரத்து நானூற்று எழுபத்திரண்டு.
பதிலில்லை.
அறுபத்தெட்டு. இல்லை.
அறுபத்தைந்து. இல்லை.
அறுபத்துநாலு.
வந்தது. நாலு வரி, வரிசையாக.

"நம்ம லைன்ல ஒவ்வொரு பொட்டலத்துக்கும்
எட்டு பைட்டு உறை போடணும்.
பழைய பெட்டிக்கு அது தெரியும்.
புதுசு, ஆயிரத்தஞ்நூறு போகும்னு நம்புது.
பெருசு போகாதுன்னா
நடுவுல இருக்கறவன் திருப்பிச் சொல்லணும்.
சொல்லாமக் கீழ போட்டுடறான்."
"சொல்லாமலேவா?"
"சொல்லாமத்தான்."
ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்று தட்டி
பெட்டியை அணைத்துப் போட்டார்.
பத்துகூட எண்ணவில்லை.

டீ வேண்டாமென்று அவர் இறங்குவதற்குள்
இடும்பாவனம் வந்தது.
முழங்கால் தண்ணீரில் படுத்த கதிர், முளைவிட்டு,
பச்சையாக, பார்க்க அழகாகக்கூட.
தில்லைவிளாகம்: வரப்பே இல்லை, வானம்தான் இரண்டு.
கோட்டூர்: பாதிப் படத்தை மறைத்து யாருடைய கட்டைவிரலோ.
ஒரு பெண், பிள்ளையின் சிலேட்டில்
சாக்பீஸால் சர்வே எண் எழுதிப்
பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.
மழையில் கரைந்து ஏழு ஒன்றாகியிருந்தது.

திங்கள், செவ்வாய், புதன்.
கெடு முடிகிறதென்று
சாம்பல் கட்டங்களைப் பார்த்தபடியே
நாற்பத்தொரு முறை அமுக்கினேன்:
படம் தெளிவில்லை.
அவர்களுக்குப் போயிருக்கும் குறுஞ்செய்தியில்
காரணம் எழுத இடம் கிடையாது.
அமுக்கியதைத் திரும்ப எடுக்க
நாலாவது பொத்தானும் கிடையாது.

மேலாளருக்கு எழுதுகிறேன்,
நாற்பத்தொரு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக.
கோளாறு என் வீட்டில், வயலில் இல்லை என்று ஒரு வரி.
மூன்று ரூபாய் நாற்பது காசைப்
பிடித்துக்கொள்ளலாம் என்று இன்னொரு வரி;
அதை அடித்தேன், பிறகு மறுபடி எழுதினேன்.
படம் எதுவும் இணைக்கவில்லை.
எழுத்துதான். சின்னது.
போய்விடும்.