பனி கழித்து

துறைமுகத்தில் எடை போடுகிறவள் நான்.
முப்பத்தோரு வருடமாக
ஈசாஃபியோர்துரில் இறங்கும் மீனெல்லாம்
என் தராசில் ஏறித்தான் சந்தைக்குப் போகிறது.
தொட்டியோடு நிறுப்பேன்.
தொட்டியைக் கழிப்பேன், பனிக்கட்டியைக் கழிப்பேன்,
மிச்சம்தான் மீன்.
பனிக்கட்டி எவ்வளவு என்பதில்
படகுக்காரர்களோடு சண்டை வராத வாரமில்லை.

ரெய்க்யவிக்கிலிருந்து வந்த டாக்டர் எய்தீஸ்
பள்ளிக்கூட அரங்கில் படம் போட்டுக் காட்டினாள்.
வாரம் ஒரு மாத்திரை, மாதம் ஒரு ஊசி;
ஒரே வருடத்தில் என் ரத்தத்துக்கு
ஐம்பத்திரண்டு வயதாகிவிடுமாம்.
எனக்கு அப்போதும் அறுபத்தைந்துதான்.
எலிகள் மூன்றில் ஒரு பங்கு
கூடுதலாக வாழ்ந்தன என்றாள்.
வாழ்ந்து என்ன செய்தன என்று கேட்டேன்.
சிரித்தாள். குறித்துக்கொள்ளவில்லை.

பக்கவிளைவுத் தாளில்
வாய்ப்புண், சர்க்கரை, ஆறத் தாமதிக்கும் காயம்.
மீன் அறுக்கும் ஊரில்.

பின்வரிசையிலிருந்து என் கணவர் தோர்கில்ஸ்
'சுத்த ஏமாற்று' என்று உரக்கச் சொன்னார்.
காது மந்தமானவர், எதையும் உரக்கத்தான் சொல்வார்.

ஒருமுறை வலையில் ஒரு சுறா வந்தது.
முந்நூறு வயதிருக்கும் என்றார்கள்.
கண்ணில் ஒரு ஒட்டுண்ணி
நூல்போலத் தொங்கியது.
அறுநூற்று எண்பது கிலோ என்று எழுதினேன்.
வேறு எதற்கும் படிவத்தில் கட்டமில்லை.

தருவதாகச் சொல்லும் வருடங்களில்
பனி எவ்வளவு, மீன் எவ்வளவு?
முழங்காலுக்குக் கொஞ்சம் தள்ளினேன்,
பெயர்கள் மறப்பதற்குக் கொஞ்சம்.
டிசம்பரை எந்தக் கணக்கில் கழிப்பது?
மலைக்குப் பின்னால் போன சூரியன்
எங்கள் தெருவுக்கு ஜனவரிக் கடைசியில்தான் திரும்பும்.
அன்று வீட்டுக்கு வீடு அப்பமும் காப்பியும்.
அந்த ஒரு நாளை மட்டும்
கழிக்காமல் வைத்தேன்.
பத்து வருடம் என்றால் பத்து அப்பநாள்.
அதற்குப் படகை விற்க வேண்டும்.

ஆகாது என்று முடிவு செய்து
படிவத்தை மடித்துவிட்டேன்.

நேற்று, காயப்போட எடுத்த
தோர்கில்ஸின் மழைக்கோட்டுப் பையில்
ஒரு குப்பி. தபாலில் வந்தது,
எங்கோ வேறு நாட்டு முத்திரை.
முப்பது மாத்திரை என்று எழுதியிருந்தது.
எண்ணினேன், பத்தொன்பது.
பதினொரு வாரமாக
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை இந்த மனிதர்.
எதற்காக, யாரோடு இருக்க
இன்னும் கொஞ்சம் காலம் வேண்டியிருக்கிறது இவருக்கு?

வேலைக்குப் போனதும் குப்பியைத் தராசில் வைத்தேன்.
ஐந்து கிலோவுக்குக் கீழே
எதையும் மதிக்காத தராசு அது.
பூஜ்யம் காட்டியது.
வெளியே ஒரு படகு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் பையில் திரும்ப வைத்தபோது
பதினெட்டு.