உடல் கிடைக்கவில்லை

ஓஸ்லோவிலிருந்து ஐவிந்த் பேசினான்.
"ஒரே ஒரு வாக்கியம் போதும், தோருன்.
கடைசிப் பக்கத்தில், அவள் விழுந்த பிறகு,
உடல் கிடைக்கவில்லை என்று சேர்த்துவிடு.
மிச்சத்தை இன்னும் இரண்டு புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம்."

வார்டோவில் டிசம்பர். பகல் பதினொன்று, இருட்டு.
மீன் ஆலையின் விளக்குகள் மட்டும்
பனிக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தன.

ராக்ன்ஃப்ரிட் என் துறைமுக பைலட்.
வரும் கப்பலில் ஏறி, பாறைக்குப் பாறை
வழி சொல்லி உள்ளே கொண்டுவருகிறவள்.
நாலு வருஷம் அவளோடுதான் குடித்தனம்.
முப்பத்தோராம் அத்தியாயத்தில்
சரக்குக் கப்பலின் கயிற்றேணியில்
மூன்றாம் படியை அறுத்து அவளைக் கடலுக்குக் கொடுத்தேன்.
கொடுத்துவிட்டு எழுந்துபோய்
உருளைக்கிழங்கு உரித்தேன்.
தோல் தடிமனாக வந்தது. அவ்வளவுதான்.

ஆசை இல்லாமல் இல்லை.
கூரை ஒழுகுகிறது, கொதிகலன் இருமுகிறது.
அந்தப் பணம் வந்தால்
பல் டாக்டரின் பக்கத்தில் நின்று
அடுத்தவர் எச்சிலை உறிஞ்சும் குழாயை
நான் பிடிக்க வேண்டியதில்லை.

ஆனால் இரண்டாம் புத்தகத்தில் இவள் என்ன செய்வாள்?
அன்றிரவு அண்ணனின் படகைப் பார்த்தும்
பார்க்கவில்லை என்று சொன்னவள்.
அந்த ஒரு பொய்தான் அவளுடைய முழு உயரமும்.
அதைச் சொல்லி முடித்தாயிற்று.
இனி அவளை நடக்கவைக்க
புத்தகத்துக்கு ஒரு காயம் புதிதாகக் கீற வேண்டும்:
முதலில் ஒரு விவாகரத்து, பிறகு குடி,
அப்புறம் காணாமல் போக ஒரு மகள்.
இல்லாத பிள்ளையைப் பெற்றுக் கொடுத்து
நானே தொலைக்க வேண்டும்.

திரும்பி வருகிறவர்களை எங்கள் ஊருக்குப் பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன்.
ஜனவரியில் சூரியன் தலைகாட்டினால்
கோட்டையில் பீரங்கி வெடிக்கும்,
பள்ளிக்கூடத்துக்கு லீவு.
ஆனால் சூரியன் செத்தா போயிருந்தது, ஐவிந்த்?

மின்சார பில்லின் பின்பக்கத்தில்
தொடரும் என்று எழுதிப் பார்த்தேன்.
கீழே, முற்றும்.
என் கையெழுத்தில் இரண்டும்
ஒரே பக்கமாகத்தான் சாய்கின்றன.

ராத்திரி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன்.
"செவ்வாய்க்கிழமை உடல் கிடைத்தது,
ஹாம்னிங்பெர்க் கரையில்,
ஒரு கையில் மட்டும் உறையோடு."
தீர்ந்தது. இனி அவளை நிம்மதியாகப் புதைக்கலாம்.

கிடைத்தது என்றால், யாருக்கு?
போலீஸ் அறிக்கைக்கு ஒரு பெயர் வேண்டுமே.
யோசிக்காமல் தட்டினேன்:
ஆஸ்லாவ் மிக்கெல்சன், வயது ஐம்பத்தாறு.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில்
எங்கும் வராத பெயர்.

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.
ஐவிந்துக்கு இதைச் சொல்லப் போவதில்லை.

குளிர்காலத்தில் ஹாம்னிங்பெர்க்குக்குச் சாலை கிடையாது.
பனி மூடினால், வசந்தம் வரை அங்கே ஆளும் கிடையாது.
பூட்டிய வீடுகளுக்கு நடுவே இவள் மட்டும்
அடுப்பை மூட்டி,
இரண்டு கோப்பைகளை எடுத்துவைத்து
என்ன செய்துகொண்டிருந்தாள்?