அனாமத்து

டெல்லியில் வானத்தைத் திறந்துவிட்டார்கள் என்று
பேப்பரில் வந்த அன்று
செக்காலை ரோட்டில் கரண்ட் இல்லை.
ஜெனரேட்டர் புகைக்குள் உட்கார்ந்து
சிங்கப்பூருக்கு இரண்டு டிக்கெட் போட்டேன்.
நூற்றுக்கு ஒன்பது எனக்கு.

பிறகு பேர் தெரியாத விமானங்கள்
திருச்சியில் நள்ளிரவில் இறங்கத் தொடங்கின.
இருபத்தெட்டாயிரம்
ஆறாயிரத்து நானூறு ஆனது.
என் ஒன்பது ஏழாகி, மூன்றாகி,
ஒரு செவ்வாய்க்கிழமை மின்னஞ்சலில்
பூஜ்யமானது.
முதல் படியை ஒன்று என்று சொல்லாமல்
லாபம் என்று அளக்கிற ஊர் இது.
லாபத்துக்குக் கீழும் ஒரு எண் உண்டு என்று
அன்றுதான் தெரிந்தது.

பழி சொல்லவும் முடியவில்லை.
கல்லல் சவரிமுத்து கொத்தனார்
ஜோகூரிலிருந்து நாலு நாள் லீவில் வந்து
பேரனைத் தூக்கிவிட்டுப் போகிறார்.
முன்பெல்லாம் சாவுக்கே வர முடியாது.
அவரைப் போல எல்லாரும் போனதில்
இங்கே கூலி ஏறி
என் வீட்டுச் சுவர் பாதியில் நிற்கிறது.
தேவகோட்டை முருங்கைக்காய்
பயணிகளின் காலுக்குக் கீழே படுத்துப் பறக்கிறது.
வளைந்த காயை நாங்கள் குழம்பு வைக்கிறோம்,
கூடுதல் விலைக்கு.
ஏர்போர்ட் ஓட்டத்துக்குக் கார் வாங்கிய வைரவன்
பகலெல்லாம் தூங்குகிறான்.
தவணை தூங்குவதில்லை.

அப்புறம் அடைக்கலம்.
போகும்போது கறிவேப்பிலை, சீப்புச்சீடை.
வரும்போது டிவி, தைலம்,
யாருடையதென்று கேட்காத ஒரு பொட்டலம்.
இந்தத் தொழிலுக்குக் குருவி என்று பெயர்.
"என் பேரையும் சேருங்க,
உத்தரத்துல கூடு கட்டுறது வந்துரும்"
என்று அவனே சிரிப்பான்.
டிக்கெட்டை இப்போது போனிலேயே போட்டுக்கொள்கிறான்.
என் கடைக்கு வருவது ஜெராக்ஸுக்கு.

போன புதன்கிழமை அந்தக் கம்பெனி
இந்தத் தடம் கட்டவில்லை என்று நிறுத்திக்கொண்டது.
குற்றமில்லை.
யாரும் வரலாம் என்றால்
யாரும் போகலாம் என்றும்தானே.
இரவு பதினொன்றரைக்குக் கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டான்.
"மெய்யம்மை அக்கா, அவங்க நம்பர்ல
மியூசிக்தான் ஓடுது. மனுசக் குரலே இல்லை."

கொழும்பு வழியாக ஒரு சீட்டு இருந்தது.
பத்தொன்பதாயிரத்து இருநூறு.
என் கார்டில் போட்டேன்.

காலையில் பிள்ளையார் சுழிக்குக் கீழே
வெகுநேரம் பேனாவை வைத்திருந்தேன்.
வரவா, பற்றா.
சவரிமுத்துவின் பேரன் எந்தப் பக்கம்,
என் அரைச் சுவர் எந்தப் பக்கம்.
அனாமத்தில் எழுதினேன்.
கூட்டவில்லை.

நாலாம் நாள் தாடியோடு வந்தான் அடைக்கலம்.
பாதிப் பணமும் ஒரு தைல பாட்டிலும்
மேஜையில் வைத்தான்.
"பாஸ்போர்ட் ஜெராக்ஸ் ரெண்டு."
மறுபடியுமா என்றேன்.
"வேற கம்பெனி வருதாம்க்கா.
இதைவிட சீப்பு."