அளவெடுப்பவள்

என் வேலை நாடா பிடிப்பது.
லங்காஷயர் கடற்கரையில், நீச்சல்குளத்துக்குப் பின்னால்,
ஈரத்துண்டு நாறும் தகர அறையில்
ஒவ்வொரு ஆகஸ்டிலும் இருபத்திரண்டு பெண்கள்
கையைத் தூக்கி நிற்பார்கள் என் முன்னால்.
மார்பு. இடுப்பு. பின்புறம்.
மூன்று எண், மூன்று கட்டம், அடுத்தவள்.

பதினாலு வருடம்.
ஒருத்தியின் முகமும் நினைவில்லை.
இடுப்புகள் நினைவிருக்கின்றன.

எழுபத்தொன்றில் மழை.
வளைகுடாக் காற்று தோரணக் கொடிகளைப் பிய்த்தெறிந்தது.
மேடையில் நடந்தவர்களின் தொடைகள்
உரித்த கோழியாய்ப் புள்ளி புள்ளியாகச் சிலிர்த்திருந்தன.
"புன்னகை, பெண்களே, புன்னகை!"
ஒலிபெருக்கியில் திரு. ஆக்ராய்ட்,
கம்பளிக் கோட்டுக்குள் இருந்தபடி.

அவர்கள் வாசலில் ஒழுங்காகக் காசு கொடுத்து
சீட்டு வாங்கித்தான் வந்தார்கள்.
ஆறாவது வரிசையில் எழுந்து மழைக்கோட்டைக் கழற்றினார்கள்.
தோளிலிருந்து குறுக்கே நீல சாட்டின் பட்டை,
நாங்கள் போட்டிக்குத் தைக்கும் அதே அகலத்தில்:
மிஸ் அரைக்கூலி.
மிஸ் இரவு ஷிப்ட்.
மிஸ் கணவர் கையெழுத்து எங்கே.
நாலாவது பட்டையில் மை கரைந்து
எதுவும் படிக்க முடியவில்லை.
பிறகு மாவு.
நடுவர் மேசைமேல் வெடித்த பொட்டலம்
மழையில் பசையாகி
மேயரின் புருவத்தில் அப்பிக்கொண்டது.
சிரித்துவிட்டேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

"இது மாட்டுச்சந்தை! பல்லையும் பிடித்துப் பாருங்களேன்!"
கத்தினவள் பெயர் ஜில்லியன் தாக்ரே.
இரண்டு போலீஸ்காரர்கள் தூக்கிப் போனார்கள்,
ஒரு செருப்பு மட்டும் வரிசையிலேயே கிடந்தது.

என் கதவருகே நின்றாள் பதினோராம் எண்,
பிஸ்கட் ஆலையில் பொட்டலம் நிறுக்கும் நோரீன் கிளெக்.
அவள் சிரிக்கவில்லை.
"அப்போ நான் மாடா?" என்று கேட்டாள்,
என்னையல்ல, கதவை.
"அம்பது பவுண்டு. ஒரு மாசக் கூலி.
அவ தருவாளா?"
நான் பதில் சொல்லவில்லை.
என் வாய் நிறையக் குண்டூசி.

நோரீன்தான் ஜெயித்தாள்.
அட்டைக் கிரீடம் ஒரு காதுக்குச் சரிந்தது.
திங்கட்கிழமை, அந்த ஜில்லியனுக்குப்
பத்து பவுண்டு அபராதம்.
செவ்வாய்க்கிழமை யாரோ கட்டிவிட்டார்கள்.
நீதிமன்றக் குமாஸ்தா என் மைத்துனன்,
அவன் வாயில் எதுவும் தங்காது.
மதிய இடைவேளையில், தலைவலையைக்கூடக் கழற்றாமல்,
ஐந்து பவுண்டு நோட்டு இரண்டை வைத்துவிட்டுச் சொன்னாளாம்:
"நான்தான்னு அவகிட்ட சொல்லிடாதீங்க.
என்னை மாடுன்னவ அவ."

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

குளிர்காலம் முழுக்க யோசித்தேன் என்றால் பொய்.
திரைச்சீலை தைத்தேன்.
ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டேன்.
என் மகளுக்கு வங்கியில் வேலை கிடைத்தது;
மேலாளர் கேட்ட முதல் கேள்வி, கல்யாணம் எப்போது.
சொல்லிவிட்டு அவள் உருளைக்கிழங்கை உரித்தாள்.
நானும் உரித்தேன்.
அன்று தோல் ரொம்பத் தடிமனாக வந்தது.

அடுத்த ஆகஸ்ட். நல்ல வெயில்.
முதல் பெண் கையைத் தூக்கினாள்.
"கையை இறக்கும்மா. டீ ஆறுது" என்றேன்.
நாடா என் கழுத்திலேயே கிடந்தது.
இருபத்திரண்டு வரிசையிலும் எழுதினேன்
ஒரே மூன்று எண், என்னுடையவை:
முப்பத்தொன்பது, முப்பத்துநாலு, நாற்பத்துமூன்று.
நடுவர்கள் சரிபார்த்துக் கையெழுத்திட்டார்கள்.

திரு. ஆக்ராய்ட் ஒலிபெருக்கியில் வாசித்தார்
என் ஐம்பத்திரண்டு வயது உடம்பை.
கூட்டம் விசிலடித்தது.
இரண்டாம் முறையும் அடித்தது.
ஏழாம் முறை அவர் குரல் இடறியது,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.
மேடையில் ஒருத்தி சிரிக்கத் தொடங்கினாள்,
யாரும் சொல்லாமலே,
பிறகு அடுத்தவள்.

நான் பின்னால் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன்.
இருபத்துமூன்று கோப்பை.