பிடித்த பிறகும் கேள்

சோஹாரில் ஜூலை.
துறைமுகத்துக் கிரேன்களை நகர்த்தும் பெட்டிக்குள்
எங்கள் கெர்னல்.
பத்தொன்பது நாளுக்கு ஒருமுறை விழும்,
சில சமயம் இருபத்திரண்டு.
எப்போதும் அதிகாலை மூன்றரை வாக்கில்.
கப்பல் காத்திருக்கும்.
ஷிஃப்ட் மேற்பார்வையாளர் அரபியில் திட்டிவிட்டு
எனக்காக ஒருமுறை இந்தியிலும் திட்டுவார்.

பதிவில் எஞ்சுவது ஒரு நினைவக முகவரி.
அங்கே கன்டெய்னர் எண் இருந்திருக்க வேண்டும்.
இருந்ததோ
ஏதோ கேமரா பிடித்த பாதி வானம்.

எட்டு கோர்கள் உள்ளே.
ஒன்று அந்தப் பக்கத்தைக் காலிசெய்து
அடுத்தவருக்குக் கொடுத்தாயிற்று.
இன்னொன்று பூட்டுப் போடாமல்
(வேகத்துக்காக அப்படித்தான் எழுதியிருந்தோம்)
பழைய முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு
இன்னும் நடந்துவருகிறது.
நடுவே சில நூறு நானோவினாடி.
அதற்குள் ஒரு குடித்தனமே மாறிவிடும்.

பிரின்ட் போட்டுப் பார்த்தேன், வரவில்லை.
எடுத்தேன், வந்தது.
பார்த்துக்கொண்டிருக்கும்வரை நல்ல பிள்ளை.

என் சிம் முன்பு
சூசை மிக்கேல் என்பவருடையது.
விசா முடிந்தால் எண் கொஞ்ச நாள் சும்மா கிடக்கும்,
பிறகு வந்தவனுக்கு.
அவருடைய வட்டிக்காரர் என்னை அழைக்கிறார்.
அவருடைய கோயில் கொடியேற்றத்துக்கு
என்னிடம் வரி கேட்கிறார்கள்.
பெரியவர்கள் எல்லாரும் முதலில்,
"சூசைதானே?"
இல்லையென்றதும் வைத்துவிடுகிறார்கள்.

ஒரு குழந்தை மட்டும் கேட்பதில்லை.
"அப்பா, பல்லு விழுந்துட்டு, கீழ் வரிசை,
சேமியா தின்னும்போ."
நான் வாயைத் திறப்பதற்குள்
அதைத் தீப்பெட்டியில் வைத்திருப்பதையும்
சொல்லி முடித்திருந்தாள்.

அந்த நிமிடமே புரிந்ததென்றால் பொய்.
இன்னும் மூன்று நாள் ஆயிற்று.
மர்வா பலூஷிதான் சொன்னாள்,
"துரத்தாதே, இடைவெளியை இழு."
தேடுவதற்கும் பிடிப்பதற்கும் நடுவே
வேண்டுமென்றே ஒரு தூக்கம் வைத்தோம்.
நாலாவது நிமிடம் விழுந்தது.
விழுந்ததற்காக அல்வா வாங்கித் தின்றவர்கள்
அந்தத் துறைமுகத்தில் நாங்கள் இருவர்தான்.

எங்கள் நிரல் கேட்ட கேள்வி,
இங்கே யாராவது இருக்கிறார்களா?
இருந்தார்கள். பிடித்துக்கொண்டது.
யார் என்று கேட்கவில்லை.

சேர்த்தது மூன்று வரி.
பிடித்த பிறகு அட்டவணைக்குத் திரும்பிப் போ.
இந்த இடத்தில் இன்னும் இதே பக்கம்தானா, பார்.
இல்லையென்றால் கையை விட்டுவிட்டு
முதலிலிருந்து தேடு.

"பிடிக்கும் முன்னாலேயே கேட்டால் என்ன?"
மர்வா கேட்டாள்.
கேட்பதற்கும் பிடிப்பதற்கும் நடுவே
ஆள் மாறிவிடலாம் என்றேன்.
பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.
சரி என்று ஒப்புதல் போட்டாள்.

மூன்று வரிக்கு விளக்கம் நாற்பது வரி.
தீப்பெட்டியைப் பற்றி அதில் இல்லை.

மறுபடி அழைத்தபோது நான் முந்திக்கொண்டேன்.
"பாப்பா, இது அப்பா நம்பர் இல்ல."
அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம்.
பிறகு,
"அப்பாவுக்க நம்பர் எது?"

அட்டவணை என்னிடம் இல்லை.
அம்மாவிடம் கொடு என்றேன்.
அம்மா மீன் விற்கப் போயிருக்கிறாள்,
இது அடுத்த வீட்டு ஃபோன் என்றாள்.
தானாகவே வைத்துவிட்டாள்.

இன்று இருபத்திமூன்றாம் நாள்.
பழக்கத்தில் மூன்றரைக்கு விழிப்பு.
ஏசியின் உறுமலுக்கு அப்பால்
ஏதோ ஒரு கிரேன் நகரும் எச்சரிக்கை மணி,
நின்றது, பதறி எழுந்து உட்கார்ந்தேன்,
மறுபடி தொடங்கியது.

பெட்டி விழவில்லை.
குழந்தையும் அழைக்கவில்லை.
முதலாவதைத்தான் நான் சரிசெய்தது.